கோழி மூக்கைச் சுடச் சொல்லும் மேதாவிகளுக்கு...

டிஸ்கி: இது கோழிக்குழம்பு பதிவு இல்லை. அந்த ஆசையில வந்தவங்க இப்படியே ரிவர்ஸ் எடுத்துக்கலாம். :-)

"கோழி கோழியையே கொத்துதா? மூக்கைச் சுட்டு விட்டுடுங்க, சரியாயிடும்."

இந்த ஒரு வரியைக் கடந்த ஆறு மாசமா கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. தீவனக் கடைக்காரர் சொல்றார். வீடியோ போடுற அண்ணாத்தைங்க சொல்றாங்க. அச்சடிச்ச நாட்டுக்கோழிக் கையேடுகளைப் புரட்டினா, தடுப்பூசி அட்டவணைக்குப் பக்கத்துலயே அலகு வெட்டுறதுக்கும் ஒரு நாள் குறிச்சு வெச்சிருக்காங்க. வாழ்க்கையில முட்டையைத் தவிர கோழியோட எந்த உறவும் இல்லாத எங்க டீம் லீட் கூட, "வெட்டிட வேண்டியதுதானே பாஸ்" என்கிறார். காய்ச்சல்னு போனா தெர்மாமீட்டரை உடைச்சுட்டு, "இப்போ பாருங்க, காய்ச்சலே காட்டலை" என்று சொல்ற டாக்டர்கிட்ட நீங்க மறுபடி போவீங்களா? கோழி விஷயத்துல மட்டும் எல்லாரும் அந்த டாக்டர்கிட்டதான் போறோம்.

எங்க ஊர் தெப்பக்காடு. முதுமலைக்குள்ள, மாயாத்துக் கரையில, யானை முகாம் இருக்கிற அதே தெப்பக்காடுதான். 2023-ல் ஆஸ்கர் வாங்கின யானைப் படத்துக்கு அப்புறம் ஊர்ப் பேரை ரெண்டு தடவை சொல்லிப் புரிய வைக்க வேண்டிய அவசியம் இல்லாம போச்சு. ஆனா எங்க ஊர்ல யானை மட்டும் இல்லை, கோழியும் இருக்கு. நான் பொட்டி தட்டுறவன். டவர் கிடைக்கிற நேரத்துல வீட்டிலிருந்தே ஆணி பிடுங்குறேன். கொல்லையில அம்மாவோட 14 கோழிங்க ஒண்ணோட இறகை ஒண்ணு பிடுங்குதுங்க. இப்படி ஒரே வீட்ல ரெண்டு தொழில் நடந்துட்டிருந்துச்சு.

அம்மா முட்டை வித்துதான் வீட்டுச் சில்லறைச் செலவைப் பாக்கறாங்க. அதனால இது எனக்குப் பொழுதுபோக்கு ஆராய்ச்சி இல்லை. முதுகு மொட்டையான கோழி குளிருக்கு நடுங்கும், உடம்புச் சூட்டைக் காப்பாத்தவே அதிகம் தின்னும், முட்டையைக் குறைக்கும். தோல் கிழிஞ்சு ரத்தம் பாத்துட்டா மத்ததுங்க விடாது. வால் பக்கம் ஆரம்பிச்சா குடலையே உருவிடும். அது நிஜமாவே பார்க்க முடியாத காட்சி. ஆக, பிரச்சினை சின்னதுன்னு நான் சொல்லவே இல்லை. மருந்துதான் தப்புன்னு சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயத்தைப் பிரிச்சுக்கணும். சண்டை வேற, இறகு கொத்துறது வேற. சண்டைன்னா தலையில, கொண்டையில போடும். யாரு பெரிய ஆளுன்னு முடிவாகிற வரைக்கும்தான். புதுசா ஒரு பெட்டையைக் கூட்டத்துல விட்டுப் பாருங்க, கொஞ்ச நாள் ரகளை நடக்கும், அப்புறம் வரிசை செட் ஆகிடும். இறகு கொத்துறதுல கோபமே கிடையாது. ஒரு வெடக்கோழி சும்மா பக்கத்துல வந்து நிக்கும். முன்னாடி நிக்கிறதோட முதுகையோ வால் அடியையோ உத்துப் பாக்கும். தரையில கிடக்கிற விதையைப் பொறுக்குற மாதிரியே, நிதானமா, ஒரு இறகைப் புடுங்கும். பாதி நேரம் அதைத் தின்னும். கொத்து வாங்குறதும் பல நேரம் மரம் மாதிரி நின்னுட்டிருக்கும். "இந்தக் கோழி ரவுடி"ன்னு சொல்றவங்க பத்து நிமிஷம் உக்காந்து பாத்ததில்லைன்னு அர்த்தம். அது ரவுடியிசம் இல்லை சாமிகளா, அது வேலை தேடுறது.

என்ன வேலை? 1989-ல் இங்கிலாந்துல வெளியான ஒரு ஆய்வு இருக்கு. மிருகக்காட்சி சாலையில திறந்து விட்டிருந்த செங்காட்டுக்கோழிகளை, அதாவது நம்ம வீட்டுக் கோழியோட மூதாதையரை, நாள் பூரா கவனிச்சாங்க. கவனிச்ச நிமிஷங்கள்ல 60 சதவீதத்துல அதுங்க தரையைக் கொத்திட்டிருந்தது, 34 சதவீதத்துல காலால கிளறிட்டிருந்தது. இதுல முக்கியமான விஷயம், அந்தக் கோழிகளுக்குத் தினமும் தீனி போட்டுட்டுதான் இருந்தாங்க. வயிறு நிறைஞ்சாலும் கிளறும். பசிக்காக மட்டும் செய்யற வேலை இல்லை அது. அதுதான் கோழி.

இதுக்கு லண்டன் வரைக்கும் போக வேண்டியதில்லை. எங்க ஊர்ச் சாலை ஓரத்துல விடியக்காலையில பாருங்க. யானைச் சாணிக் குவியலை சாம்பல் காட்டுக்கோழி ஒண்ணு பிரிச்சு மேய்ஞ்சுட்டிருக்கும். செரிக்காத விதை, வண்டு, புழுன்னு அதுக்குள்ள ஒரு சூப்பர் மார்க்கெட்டே இருக்கு. (இந்தச் சாம்பல் காட்டுக்கோழி நமக்குத் தூரத்துச் சொந்தமும் கூட. வீட்டுக்கோழியோட மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு செங்காட்டுக்கோழியிலேருந்து வரலை, இந்தச் சாம்பல் இனத்துலேருந்துதான் வந்ததுன்னு 2008-ல் ஸ்வீடன் ஆளுங்க கண்டுபிடிச்சாங்க. தென்னிந்தியக் காட்டுப் பறவையோட கையெழுத்து உலகம் பூரா கசாப்புக் கடைகள்ல தொங்குது!)

இப்போ நம்ம வீட்டுக் கூட்டைப் பாருங்க. நாலு பக்கம் வலை, மேல தகரம், கீழ சுத்தமாப் பெருக்கின சிமெண்டு. ஒரு கிண்ணத்துல அரைச்ச தீவனம். அரை மணி நேரத்துல மொத்தச் சாப்பாடும் முடிஞ்சுது. பன்னிரண்டு மணி நேரம் கிளறிப் பொறுக்கணும்னு உடம்பு சொல்ற ஒரு ஜீவன், மிச்சப் பதினொன்றரை மணி நேரம் என்ன பண்ணும்? கண்ணு முன்னாடி கொத்துறதுக்கு இருக்கிற ஒரே பொருள், பக்கத்துக் கோழியோட இறகு. இந்தத் துறையில இருக்கிறவங்க 1980-களிலேயே இதைச் சொல்லிட்டாங்க: தரையில போக வேண்டிய கொத்து, தடம் மாறி இறகு மேல போகுது. நம்ம ஆளுங்க தரையைப் பாக்காம மூக்கைப் பாக்கறாங்க.

மூக்கைச் சுடுற கதை எங்கே ஆரம்பிச்சதுன்னு தேடினேன். 1930-களில் அமெரிக்காவில ஒஹையோ மாநில ஆய்வு நிலையத்துல ஆரம்பிச்சிருக்காங்க. 1940-களில் சான் டியாகோ பக்கம் ஒரு பண்ணைக்காரர் ஊதுலாம்பால சுட்டிருக்கார். அவர் பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பாத்து, ஈயம் பத்தவைக்கிற சால்டரிங் அயர்ன் இருக்கே, அதுல ஒரு தகட்டை ஒட்டி மெஷின் ஆக்கிட்டார். ஆமாங்க, காலேஜ் லேப்ல நாம கையைச் சுட்டுக்கிட்ட அதே சால்டரிங் அயர்ன். அதுக்கு முன்னாடியே 1903-ல் கோழிக்குக் கூலிங் கிளாஸ் மாட்டுறதுக்கு அமெரிக்காவில காப்புரிமை வாங்கியிருக்காங்க. அப்புறம் சிவப்பு கான்டாக்ட் லென்ஸ் வந்துச்சு. எம்பிஏ படிச்ச நண்பர்களைக் கேளுங்க, அந்தக் கோழி லென்ஸ் கம்பெனி 1970-களிலிருந்து ஹார்வர்டு பாடத்துலயே இருக்கு. மூக்கை வெட்டினாங்க, கண்ணை மறைச்சாங்க, விளக்கை மங்கலாக்கினாங்க. எல்லாத்தையும் பண்ணினவங்க ஒரு கூடை சருகைக் கொண்டு வந்து உள்ளே கொட்டலாமேன்னு யோசிக்கத்தான் ரொம்ப வருஷம் ஆச்சு.

கோழி மூக்குன்னா நம்ம நகம் மாதிரின்னு பல பேர் நினைச்சுட்டிருக்காங்க. நுனி வரைக்கும் நரம்பு ஓடுது. அதுக்கு அதுதான் விரல் நுனி. 1985-ல் ஸ்காட்லாந்துல ஆராய்ச்சி பண்ணினவங்க, வெட்டுப்பட்ட இடத்துல நரம்புங்க முடிச்சு முடிச்சா வளர்ந்து, தொடாமலே தாறுமாறா சிக்னல் அனுப்புறதைக் காட்டினாங்க. பிறந்த அன்னிக்கே பொரிப்பகத்துல பண்ணினா பாதிப்பு குறைவு, வளர்ந்த கோழிக்குப் பண்ணினா அதிகம். வீட்ல வளர்க்கிற நாம எப்போ பண்ணுவோம்? முதுகு மொட்டையானதைப் பாத்த அப்புறம், அதாவது கோழி நல்லா வளர்ந்த அப்புறம்! பண்ணைக்காரன் பண்றதுலேயே மோசமான வடிவத்தைத்தான் நாம காப்பி அடிக்கிறோம்.

எங்க குவார்ட்டர்ஸ்ல ஒரு அக்கா வீட்டுக்கு இப்படி ஒரு ஆலோசகர் வந்தார். பேரும் ஊரும் வேண்டாம். பழுக்கக் காய்ச்சின கத்தி, ஆறு கோழி, பத்து நிமிஷம், கோழிக்கு இவ்வளவுன்னு காசு. கோழிங்க மூணு நாள் மூலையில குந்திக்கிச்சு. அக்கா போடுறது முழு ராகி. மூக்கு நுனி இல்லாத கோழியால ராகியைத் தரையிலேருந்து எடுக்க முடியலை. கொத்தும், நழுவும், மறுபடி கொத்தும். ரெண்டு வாரம் முட்டை இல்லை. சரி, கொத்துறதாவது நின்னுச்சான்னா, இல்லை. முதுகுல கொத்திக்கிட்டேதான் இருக்கு, பிடுங்க முடியலை, அவ்வளவுதான். இதோட முடிஞ்சுதான்னா அதுவும் இல்லை. கோழி தன் உடம்புப் பேனை மூக்கு நுனியாலதான் கோதி எடுக்கும். நுனி போனா பேன் பெருகும் என்பது ஆய்வுகள்லயும் வந்திருக்கு. பேன் கடிச்சா அரிப்பு, தோல் சிவக்கும், அதைப் பாத்து மத்ததுங்க கொத்தும். ஒரு பக்கைச் சரி பண்ணப் போய் அதே பக்கை வேற கதவு வழியா உள்ளே விடுறதுக்கு எங்க ஆபீஸ்ல ஒரு பேர் வெச்சிருக்கோம். இங்கே எழுத முடியாது.

"அப்போ நாமக்கல்ல லட்சக்கணக்குல வெட்டுறாங்களே, அவங்க எல்லாம் முட்டாளா?"ன்னு ஒரு நண்பர் போன்ல எகிறினார். முட்டாள் இல்லைங்க. அவங்க கணக்கு வேற. ஏ4 தாளை விடச் சின்ன இடத்துல ஒரு கோழியை நிக்க வெச்சா, கிளற இடம் தர முடியாதுன்னு அவங்களுக்கே தெரியும். முட்டை விலை கூடாம இருக்க மூக்கைக் குறைக்கிறாங்க. அந்தக் கணக்கைப் பத்தி எனக்கு வேற கோபம் இருக்கு, அது வேற பதிவு. ஆனா 14 கோழி வெச்சிருக்கிற எங்கம்மாவுக்கும் ஆறு கோழி வெச்சிருக்கிற அக்காவுக்கும் அந்தக் கணக்கு எதுக்கு? சொந்தமா கொல்லை இருக்கிறவன் லாட்ஜ் ரூம் மாதிரி வாழ்ந்துகிட்டு, "என்ன பண்றது, இடமில்லை" என்கிற கதைதான் இது. நார்வே 1974-லும் ஸ்வீடன் 1988-லும் மூக்கு வெட்டத் தடை போட்டாச்சு. 2017-லேருந்து ஜெர்மனி முட்டைக்கோழிக்காரங்க அவங்களாவே ஒப்பந்தம் போட்டு நிறுத்திட்டாங்க. அங்கே ஆயிரக்கணக்குல வளர்க்கிறவனுக்கே முடியுது.

சட்டம் பேசுறவங்களுக்கு ஒரு தகவல். 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்துல 11-வது பிரிவைப் படிங்க. மாட்டுக்குக் கொம்பு தீய்க்கிறது, காயடிக்கிறது, சூடு போடுறது, மூக்கணாங்கயிறு குத்துறது, இதெல்லாம் விதிப்படி பண்ணினா குற்றம் இல்லைன்னு ஒரு விலக்குப் பட்டியல் இருக்கு. அந்தப் பட்டியல்ல கோழி மூக்கு இல்லை. மத்ததை வக்கீல் நண்பர்கள் சொல்லட்டும்.

இப்போ எதிர்க்கட்சிக்கும் ரெண்டு வார்த்தை. இவங்க இயற்கை விவசாயக் கோஷ்டி. "கூட்டைத் திறந்து விடுங்க தம்பி, இயற்கை பாத்துக்கும்" என்பாங்க. எங்க ஊர்ல இயற்கை ரொம்ப நல்லாவே பாத்துக்கும்! பகல்ல கீரி, மேலேருந்து வல்லூறு, ராத்திரி காட்டுப்பூனை, மரநாய். இதெல்லாம் கோழிக்கு நஷ்டம். சிறுத்தை வந்தா அது மனுஷனுக்கும் நஷ்டம். 2007-லேருந்து இது புலிகள் காப்பகம். வீட்டு வாசல்ல சுலபமா இரை கிடைக்கும்னு ஒரு சிறுத்தைக்குப் பழக்கிக் கொடுத்தா, அடுத்து அது நாய்க்கு வரும், அப்புறம் பிள்ளைங்க நடக்கிற பாதையில நிக்கும். அதனால இங்கே கோழியை அடைக்கத்தான் வேணும், வேற வழியில்லை. அடைக்கிறதாலதான் கொத்துது என்பதும் உண்மை. அப்போ சண்டை எங்கே போடணும்? அடைக்கிற கூட்டுக்குள்ள என்ன இருக்கு என்கிற இடத்துலதான். இதை ரெண்டு கோஷ்டியும் பேசுறதே இல்லை.

எங்க வீட்ல பண்ணினதைச் சொல்றேன். பெரிய ராக்கெட் சயின்ஸ் கிடையாது. சிமெண்டுத் தரை மேல ஒரு சாண் உயரத்துக்குச் சருகு, உமி, வைக்கோல் துண்டு. சருகு எங்க பலா மரத்தோடது (காட்டுக்குள்ள போய் அள்ளாதீங்க, கேஸ் ஆகிடும்). காலையில கிண்ணத்தை எடுத்துட்டு, ராகியைச் சருகுக்குள்ள விசிறி விட ஆரம்பிச்சோம். அரை மணி நேரச் சாப்பாடு அரை நாள் வேலையாச்சு. முருங்கைக் கீரையோ முள்ளங்கித் தழையோ கட்டா கட்டி, கோழி கழுத்தை நீட்டினா எட்டுற உயரத்துல தொங்க விட்டோம். அம்மாவுக்கு அவங்க பாட்டி சொல்லிக் கொடுத்த கரையான் பானை ஞாபகம் வந்துச்சு: பழைய பானையில காஞ்ச சாணி, ஓலை, கிழிஞ்ச சாக்கு எல்லாம் திணிச்சு, தண்ணி தெளிச்சு, புத்து இருக்கிற இடத்துல கவுத்து வெச்சா மறுநாள் காலையில கரையான் ரெடி. சாணிக்கு எங்க பக்கம் பஞ்சமே இல்லை, மசினகுடிச் சாணி லாரி ஏறிக் கேரளாத் தோட்டங்களுக்கே போகுது. கரையான்ல புரதமும் இருக்கு, பொறுக்குற வேலையும் இருக்கு. எந்த மாத்திரையிலயும் இந்த ரெண்டும் சேர்ந்து வராது.

தீனியையும் பாக்கணும். இறகுல பெரும்பகுதி புரதம்தான், அதுவும் கந்தகம் சேர்ந்த புரதம். வெறும் மக்காச்சோளம் மட்டும் போட்டா அதுல புரதம் 9 சதவீதம்தான். முட்டையிடுற கோழிக்கு 16 சதவீதமாவது வேணும். பத்தாததை இறகுலேருந்து எடுத்துக்கப் பாக்கும். கடலைப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் கொஞ்சம் சேர்த்தோம் (கருவாட்டுலயே உப்பு இருக்கு, தனியா அள்ளிப் போட்டுடாதீங்க). ஒரு பழைய டப்பாவுல சாம்பலும் மண்ணும் போட்டுக் குளிக்க வெச்சோம், பேன் குறைஞ்சுது. ஓடி ஏறித் தப்பிக்க ரெண்டு உயரத்துல கம்பு கட்டினோம். ரத்தம் வந்த கோழியை மட்டும் தனியா, ஆனா மத்ததுங்க கண்ணுல படுற மாதிரி வெச்சு, மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினோம். கசப்பு ஒரு தடவை நாக்குல பட்டா கொத்துறது யோசிக்கும்.

பலன் ரெண்டு நாள்ல வரும்னு சொல்ற ஆள் நான் இல்லை. பழகிப் போன ரெண்டு கோழி இன்னும் எப்பவாவது ஒரு கொத்து கொத்தத்தான் செய்யுது. வேரோட பிடுங்கின இறகு சில வாரத்துல முளைக்கும். பாதியில ஒடிஞ்ச இறகு, அடுத்த தடவை தானா இறகு உதிர்க்கிற வரைக்கும் அப்படியேதான் நிக்கும். "நீ சொன்னதைச் செஞ்சேன், மொட்டையாவேதான் இருக்கு"ன்னு சண்டைக்கு வர்றவங்க இதை ஞாபகம் வெச்சுக்கங்க. புதுசா மொட்டை விழுதான்னு மட்டும் பாருங்க. எங்க வீட்ல விழலை, முட்டையும் பழைய கணக்குக்கு வந்துடுச்சு.

கடைசியா அரசாங்கத்துக்கு ஒரு கேள்வி. 2018-ல் 77,000 கிராமத்துப் பெண்களுக்குத் தலா 50 குஞ்சுன்னு அறிவிச்சாங்க. திட்டம் நல்ல திட்டம், கிண்டல் பண்ண மாட்டேன். ஆனா இப்படிக் கொடுக்கிற குஞ்செல்லாம் மெஷின்ல பொரிச்சது, அம்மாவைப் பாக்காதது. அடைக்கோழி கூட வளர்ற குஞ்சுங்க பின்னாடி இறகு கொத்துறது குறைவுன்னு ஐரோப்பிய ஆய்வுகள் சொல்லுது. எங்கம்மா அதை ஆய்வு இல்லாமலே சொல்றாங்க. எதைக் கொத்தணும், எதைக் கொத்தக் கூடாதுன்னு தாய்க்கோழி "கொக் கொக்"னு கூப்பிட்டுக் காட்டித்தான் குஞ்சு கத்துக்குது. அம்மா இல்லாத 50 குஞ்சை ஒரே வயசுல, ஒரே கூட்டுல விட்டா அதுங்க ஒண்ணை ஒண்ணுதான் கொத்திப் பழகும். குஞ்சு கொடுக்கிற அன்னிக்கே, "முதல் நாள்லேருந்து தரையில உமி, சருகு போடு, தீனியை அதுல விசிறு"ன்னு அரைப் பக்கம் அச்சடிச்சுக் கொடுக்க என்ன செலவாகும்? அதை விட்டுட்டு மூக்கு வெட்டுற தேதியை அச்சடிச்சா, அந்த அக்காங்க சூடு வைக்கிற ஆலோசகருக்குக் காசு எண்ணிக் கொடுத்துட்டிருப்பாங்க.

பி.கு: எங்க பக்கத்து ஆளுங்களுக்கு ரெண்டு எச்சரிக்கை. எங்கே பாத்தாலும் கிடக்குதேன்னு உண்ணிச்செடித் தழையை வெட்டிக் கூட்டுல போடாதீங்க, அது விஷம். ஆடி மழையில சருகு நனைஞ்சு நெடி அடிச்சா அன்னிக்கே அள்ளி மாத்திடுங்க, இல்லைன்னா கண்ணும் மூச்சும் கெட்டுப் போகும். வலை வாங்கும்போது அறுகோணக் கோழிவலை வேண்டாம், கீரி கிழிச்சுடும். பத்தவெச்ச கம்பி வலையா வாங்கி, ஒரு அடி மண்ணுக்குள்ள இறக்கிப் புதைங்க.